பேட்டரி வண்டி மக்கர் பண்ணினால் எதை முதலில் பார்ப்பது

மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போக வர ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் சுமாராக வரும். நாலு வருஷமாக ஒரே பேட்டரி ஸ்கூட்டரில்தான் ஓட்டுகிறேன். 60 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (பின்சக்கரத்துக்குள்ளேயே இருப்பது), 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத, ரெஜிஸ்ட்ரேஷனும் லைசென்ஸும் தேவைப்படாத ரகம். இந்த நாலு வருஷத்தில் என் வண்டியையும் எங்கள் அபார்ட்மென்டில் இருக்கும் இன்னும் சில வண்டிகளையும் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்ததில் ஒன்று நன்றாகப் புரிந்தது. நூற்றைம்பது ரூபாய் சுவிட்சோ, பச்சை பூத்த ஒரு கப்ளரோதான் (வயர்களை இணைக்கும் பிளக்) பெரும்பாலும் வண்டியை நிறுத்துகிறது, ஆனால் கடையில் முதலில் மாற்றச் சொல்வது மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், இல்லையென்றால் பேட்டரி. அதனால் கீழே எல்லாமே காசில்லாத சோதனையில் தொடங்கி செலவு அதிகமானதில் முடியும்.

பச்சை நம்பர் பிளேட் போட்ட, டச் டிஸ்பிளே வைத்த பெரிய கம்பெனி வண்டிகளுக்கு இதில் பாதிதான் பொருந்தும். காற்று, பிரேக், சார்ஜிங் பாயின்ட் வரை பாருங்கள், அதற்கு மேல் அவற்றில் சாஃப்ட்வேர் இருக்கிறது, சீல் உடைத்தால் வாரண்டியும் போய்விடும்.

கையில் வேண்டியது: சாதாரண மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர், 10-ஆம் நம்பர் ஸ்பேனர், இன்சுலேஷன் டேப், ஒரு கேன் காண்டாக்ட் கிளீனர். எதைக் கழற்றினாலும் முதலில் சீட்டுக்கு அடியில் இருக்கும் எம்சிபியை (ஷார்ட் ஆனால் தானாக விழும் மெயின் சுவிட்ச்) இறக்கிவிட்டு ஐந்து நிமிஷம் விடுங்கள், கன்ட்ரோலருக்குள் கரண்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். மோதிரம், வாட்ச், காப்பு கழற்றிவிடுங்கள். ஆக்ஸிலேட்டர் பக்கம் கை வைப்பதாக இருந்தால் வண்டி சென்டர் ஸ்டாண்டில், பின்சக்கரம் தரையைத் தொடாமல் நிற்க வேண்டும். இது கட்டாயம். ஒரு வயர் அறுந்திருந்தாலே வண்டி முழு வேகத்தில் பாயும்.

## சாவி போட்டும் எதுவுமே எரியவில்லை

மீட்டரில் வெளிச்சம் இல்லை, ஹாரன் இல்லை, ஒன்றும் இல்லை. பார்க்க ரொம்பப் பெரிய கோளாறு மாதிரி இருக்கும், ஆனால் எளிதில் சரியாவது இதுதான்.

முதலில் எம்சிபி. பள்ளத்தில் இறங்கி ஏறினாலே சிலது தானாக விழுந்துவிடும். தூக்கிவிட்டுப் பாருங்கள். தூக்கியவுடன் மறுபடி டப்பென்று விழுந்தால் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது, மூன்றாவது தடவை தூக்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எம்சிபி நிற்கிறது, அப்படியும் உயிர் இல்லை என்றால் பேட்டரியிலிருந்து வரும் பெரிய கப்ளர். அதைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால், அல்லது பித்தளை முனை கருத்திருந்தால் அதுதான் காரணம், கப்ளரை இரண்டு பக்கமும் புதிதாக மாற்ற வேண்டும், சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினால் ஒரு மாதம்கூட வராது.

அடுத்தது, லித்தியம் பேட்டரியா என்று பாருங்கள். அப்படியென்றால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட் போர்டு) தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கலாம். பல நாள் ஓட்டாமல் வைத்திருந்தாலோ, முந்தின நாள் கடைசிச் சொட்டு வரை ஓட்டியிருந்தாலோ இப்படி ஆகும். சார்ஜரை மாட்டி ஐந்து, பத்து நிமிஷம் விட்டால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும்.

இதற்கும் எழவில்லை என்றால் மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து பேட்டரி வாயில், அதாவது வயர் வெளியே வரும் பிளஸ், மைனஸ் முனைகளில் அளந்து பாருங்கள்.

### பேட்டரி வாயில் வோல்டேஜ் வருகிறது

எம்சிபிக்கு அந்தப் பக்கம், ஃபியூஸுக்கு அந்தப் பக்கம், சாவி சுவிட்சுக்கு அந்தப் பக்கம் என்று ஒவ்வொரு இடமாக அளந்துகொண்டே போங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் பூஜ்யம் ஆகிறதோ, கோளாறு அந்த இடத்தில். என் அனுபவத்தில் சாவி சுவிட்ச்தான் அதிகம் மாட்டும், மழைத்தண்ணீர் நேராக அதில்தான் இறங்குகிறது.

### பேட்டரி வாயிலேயே வரவில்லை

லெட் ஆசிட் என்றால் ஐந்து பேட்டரியையும் சேர்க்கும் குட்டி வயர்களில் ஒன்று கழன்றிருக்கும், நட்டை முடுக்குங்கள், ஸ்பேனர் பக்கத்து முனையைத் தொடாதபடி கைப்பிடியில் டேப் சுற்றிக்கொண்டு. லித்தியம் பெட்டி என்றால் அதைப் பிரிக்காதீர்கள். அது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை.

## எல்லாம் எரிகிறது, ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் நகரவில்லை

என்னிடம் வரும் பத்துப் புகாரில் பாதி இதுதான். ஒரு நாள் காலை ஏழே முக்காலுக்குக் கீழ் வீட்டு டீச்சர் கதவைத் தட்டி, "தம்பி, லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, வண்டி மட்டும் நகர மாட்டேங்குது, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றார். கீழே போய் சாவி போட்டவுடனே தெரிந்துவிட்டது. பார்க்கிங் இருட்டாக இருந்ததால், வண்டிக்குப் பின்னால் இருந்த சுவரில் பிரேக் லைட்டின் சிவப்பு அப்படியே படிந்திருந்தது. அவர் பிரேக்கைத் தொடவே இல்லை.

பிரேக் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் கரண்டை வெட்டிவிட ஒரு குட்டி சுவிட்ச் லீவரின் அடியில் இருக்கிறது. தூசியும் தண்ணீரும் சேர்ந்து அது அழுந்தின நிலையிலேயே ஒட்டிக்கொண்டால், நீங்கள் பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். இரண்டு லீவரையும் பத்துப் பதினைந்து தடவை வேகமாகப் பிடித்து விடுங்கள், லீவரை விரலால் வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். சிவப்பு அணைந்ததும் வண்டி நகரும். டீச்சர் அன்றைக்கு எட்டு மணிக்குள் கிளம்பிவிட்டார், சாயங்காலம் சுவிட்சை மாற்றினோம்.

லைட் பல்பே போயிருந்தால் இந்த அடையாளம் கிடைக்காது. அப்போது ஹெட்லைட் மூடிக்குள் இருக்கும் பிரேக் சுவிட்சின் இரண்டு வயர் கப்ளரை, ஒவ்வொரு பக்கமாக, கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கழற்றினால் சக்கரம் சுற்றும், அப்படிச் சுற்றினால் சுவிட்ச்தான் குற்றவாளி. சோதனைக்கு மட்டும்தான் இது. கழற்றிவிட்ட நிலையிலேயே ரோட்டுக்குப் போக வேண்டாம், பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கோளாறுக்கு ஒரு கடையில் 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு கன்ட்ரோலரை மாற்றினார்கள். நாலே நாளில் வண்டி பள்ளிக்கரணை சிக்னலில் மறுபடி நின்றது, கடைசியில் பார்த்தால் இடது பக்க பிரேக் சுவிட்ச். நல்ல கன்ட்ரோலரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனதுதான் இன்னமும் மனசு ஆறவில்லை. அதற்கப்புறம்தான் மல்டிமீட்டர் வாங்கினேன்.

பிரேக் சுவிட்சைப் பார்க்கும் முன்போ பின்போ, ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடக்கூடிய சில: மீட்டரில் பார்க்கிங் 'பி' எரிகிறதா, சைட் ஸ்டாண்ட் முழுதாக ஏறியிருக்கிறதா, சார்ஜர் பின் இன்னும் குத்தியிருக்கிறதா, ரிவர்ஸ் சுவிட்ச் நடுவில் மாட்டியிருக்கிறதா. இவையும் சரி என்றால் கீழே மூன்று வழி பிரிகிறது.

### முறுக்கினால் சத்தமே இல்லை

ஆக்ஸிலேட்டரைச் சந்தேகப்படுங்கள். அதிலிருந்து மூன்று வயர் வரும். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 5 வோல்ட் கிட்ட இருக்க வேண்டும். மூன்றாவது வயருக்கும் கறுப்புக்கும் நடுவே, கைவிட்ட நிலையில் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே காட்டி, மெதுவாக முறுக்க முறுக்க மூன்றரை, நாலு வரை சீராக ஏற வேண்டும். ஏறவே இல்லை, அல்லது நடுவில் குதிக்கிறது என்றால் ஆக்ஸிலேட்டரை மாற்றினால் போதும், அரை மணி வேலை. கைவிட்ட நிலையிலேயே மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வண்டியைத் தரையில் இறக்கவே வேண்டாம், கறுப்பு வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

சிவப்பு-கறுப்பிலேயே 5 வோல்ட் வரவில்லை என்றால் அவசரப்பட்டுக் கன்ட்ரோலரைக் குறை சொல்லாதீர்கள். மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாருக்கும் அதே 5 வோல்ட்தான் போகிறது. மோட்டாரின் சின்னக் கப்ளரைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், திரும்ப வந்துவிட்டால் ஷார்ட் மோட்டார் பக்கம். வராவிட்டால் கன்ட்ரோலர்.

### உறுமுகிறது, உதறுகிறது, தள்ளிவிட்டால் ஓடுகிறது

ஹால் சென்சார், அல்லது கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களில் ஒன்றின் இணைப்பு விட்டுப்போனது. மஞ்சள், பச்சை, நீலத் தடி வயர்களின் கப்ளரை முதலில் பாருங்கள், எரிந்த வாசனையும் கருப்பும் அங்கே தெரியும். அது நன்றாக இருந்தால் சின்னக் கப்ளரில் இருக்கும் மெல்லிய மஞ்சள், பச்சை, நீலம். சாவி போட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் வைத்து, சிவப்பு முனையால் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு சக்கரத்தைக் கையால் மிக மெதுவாகச் சுற்றுங்கள். பூஜ்யம், ஐந்து, பூஜ்யம், ஐந்து என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அந்த சென்சார் போய்விட்டது, அல்லது ஆக்ஸில் ஓரத்தில் அந்த வயர் தேய்ந்து அறுந்திருக்கிறது. மோட்டாரைத் திறந்து சென்சார் மாற்றுவது மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர் வேலை, சக்கரத்தைக் கழற்றிக் கொண்டு போய்க் கொடுத்தால் கூலி குறையும்.

### சக்கரமே இறுக்கமாக இருக்கிறது, தள்ள முடியவில்லை

பிரேக் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எம்சிபியை இறக்கி, மூன்று தடி வயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றிவிட்டு, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் வைத்து சக்கரத்தைச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் கன்ட்ரோலர் உள்ளே ஷார்ட், மாற்றத்தான் வேண்டும், இந்த இடத்தில் செலவு நியாயமானது. அப்போதும் இறுக்கம் என்றால் கோளாறு மோட்டாரில், அல்லது அதிலிருந்து வரும் வயர் நசுங்கியதில்.

## ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்று, அப்புறம் ஓடுகிறது

எப்போது நிற்கிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். பள்ளத்திலும் ஸ்பீடு பிரேக்கரிலும் நின்றால் லூஸ் இணைப்பு. வண்டியை நிறுத்தி சாவி போட்டு வைத்து, சீட்டுக்கு அடியில் ஒவ்வொரு கப்ளராக விரலால் ஆட்டுங்கள், மீட்டர் விளக்கு சிமிட்டும் இடம்தான்.

மேம்பாலம் ஏறும்போது நின்றால் வேறு கதை. எனக்கு வேளச்சேரி விஜயநகர் மேம்பாலம்தான் டெஸ்ட். சமதரையில் ஜோராக ஓடிய வண்டி, பாலம் ஏறும்போது மீட்டர் கட்டைகள் சரசரவென்று இறங்கி அணைந்து, ஓரம் கட்டி ஒரு நிமிஷம் விட்டதும் மறுபடி முழுதாகக் காட்டினால், பேட்டரியில் ஒரு பகுதி பலவீனம். கீழே கிலோமீட்டர் குறையும் பகுதிக்குப் போங்கள்.

மே மாத மதியத்தில், இரண்டு பேர் உட்கார்ந்து போகும்போது மட்டும் நின்றால் கன்ட்ரோலர் சூடாகிறது. அது இருக்கும் பெட்டியில் துணி, டூல்ஸ், மழைக்கோட்டு என்று அடைத்து வைத்திருப்பீர்கள், எடுத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

## முன்பு போன தூரம் இப்போது போகவில்லை

பேட்டரி போச்சு என்று முடிவு கட்டும் முன் காற்று அடியுங்கள். உண்மையாகவே சொல்கிறேன். வண்டியில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பத்துப் பவுண்டு குறைந்தாலே ஓட்டத்தில் தெரியும், வாரம் ஒரு தடவை பங்கில் நிறுத்துவது பழக்கம் விட்டுப்போவதுதான் பேட்டரி வண்டிக்காரர்களின் பொதுப் பிரச்சினை, நாம் பெட்ரோல் போடப் போவதில்லை அல்லவா.

பிறகு சென்டர் ஸ்டாண்டில் போட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். முன்சக்கரம் நாலைந்து சுற்றாவது சுற்ற வேண்டும். சர் சர் என்று உரசி உடனே நின்றால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினால் சரி. பின்சக்கரத்தில் மோட்டார் காந்தம் இருப்பதால் லேசாகப் பிடித்துப் பிடித்து வரும், அது இயல்பு.

இரண்டும் சரி என்றால் சார்ஜ் முழுதாக ஏறுகிறதா என்று பாருங்கள். சார்ஜரில் பச்சை வரும் முன்பே அவசரத்துக்குப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறீர்களா? லித்தியம் பேட்டரி என்றால் வாரம் ஒரு நாள், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், பச்சை வந்த பிறகும் இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். உள்ளே இருக்கும் செல்கள் சமமாக அந்த நேரம் வேண்டும். சில வாரங்களில் தூரம் ஓரளவு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

லெட் ஆசிட் என்றால் ஐந்தையும் தனித்தனியாக அளக்கலாம், அதுதான் அதில் உள்ள வசதி. முழு சார்ஜ் போட்டு, சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் கழித்து ஒவ்வொன்றும் 12.7 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அப்புறம் வழக்கமான தூரம் ஓட்டிவிட்டு வந்து உடனே மறுபடி அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். போன வருஷம் என் தாளில் நாலு பேட்டரி 12.3, 12.3, 12.2, 12.3 என்று இருக்க, சீட்டுக்கு நேர் கீழே இருந்தது மட்டும் 11.4. அந்த ஒன்றுதான் மீதி நாலையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

ஒன்றை மட்டும் மாற்றலாமா என்றால், செட் வாங்கி ஒரு வருஷத்துக்குள் என்றால் அதே கம்பெனி, அதே ஆம்ப் அவர் பார்த்து மாற்றலாம். அதற்கு மேல் ஆகியிருந்தால் மாற்றாதீர்கள், புதுசு பழசோடு சேர்ந்து சில மாதங்களில் அதுவும் பழசாகிவிடும். செட்டாக மாற்றுவதுதான் கடைசியில் மலிவு. பழைய பேட்டரிக்கு எடை போட்டுக் காசு தருவார்கள், பேரம் பேசும்போது மறக்காமல் கேளுங்கள்.

லித்தியம் பெட்டியைத் திறக்காமல் நீங்கள் பார்க்கக்கூடியது முழு சார்ஜில் மொத்த வோல்டேஜ் மட்டும்தான். சார்ஜர் லேபிளில் போட்டிருக்கும் அளவை எட்டவில்லை என்றால் பேட்டரி விற்றவரிடம் போகும் நேரம்.

## சார்ஜ் ஏறவில்லை

சார்ஜரில் விளக்கே இல்லை என்றால் அந்த பிளக் பாயின்டில் வேறு எதையாவது சொருகிப் பாருங்கள். பாயின்ட் நன்றாக இருந்தால் சார்ஜரின் பவர் கார்டை மாற்றிப் பாருங்கள், கம்ப்யூட்டருக்கு வரும் அதே கார்டுதான் பல சார்ஜர்களுக்கும் பொருந்தும். அதற்கும் எரியவில்லை என்றால் சார்ஜர்.

மாட்டியவுடனே பச்சை என்றால் கரண்ட் பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. சார்ஜிங் சாக்கெட்டின் பின் உள்ளே தள்ளியிருக்கும், அல்லது சார்ஜிங் லைன் ஃபியூஸ் போயிருக்கும். இரவு முழுதும் சிவப்பே என்றால் பேட்டரியில் ஒன்று நிரம்பவே மாட்டேன் என்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

புது சார்ஜர் வாங்கும்போது '60 வோல்ட் சார்ஜர்' என்று கேட்டு வாங்குவது ஆபத்து. 60 வோல்ட் என்று சொல்லப்படும் லித்தியத்திலேயே 16 செல் வரிசைக்கு 67.2, 17 வரிசைக்கு 71.4, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) 20 வரிசைக்கு 73 வோல்ட் சார்ஜர். பின் ஒன்றாக இருக்கும், மாட்டினால் மாட்டிக்கொள்ளும். பழைய சார்ஜர் லேபிளைப் போட்டோ எடுத்துப் போய் அவுட்புட் வோல்டேஜைப் புள்ளி வரை ஒப்பிட்டு வாங்குங்கள்.

பேட்டரி உப்பியிருந்தாலோ, தொட முடியாத சூடு இருந்தாலோ, இனிப்பான நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை வந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்து, முடிந்தால் வண்டியை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு விலகுங்கள், புகை வந்துவிட்டால் வண்டியைத் தொடாமல் ஆட்களை வெளியேற்றி தீயணைப்புக்கு 101-ல் கூப்பிடுங்கள். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டி ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் நான் ராத்திரி சார்ஜ் போடுவதில்லை, வாசலை ஒட்டியும் போடுவதில்லை.

## வண்டி ஓடுகிறது, ஹாரனும் லைட்டும் மட்டும் இல்லை

60 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வர்ட்டர். முன்னால் இருக்கும் சின்ன ஃபியூஸைப் பார்த்துவிட்டு, கன்வர்ட்டரின் அவுட்புட்டில் 12 வோல்ட் வருகிறதா என்று அளங்கள். வரவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், மூன்று வயர்தான். ராத்திரி லைட் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

## கிளம்பும்போது பின்சக்கரத்தில் 'டக்'

ஆக்ஸில் நட் தளர்ந்திருக்கிறது. அன்றைக்கே முடுக்குங்கள். விட்டால் ஆக்ஸில் தானே திரும்பி அதன் வழியாக வரும் வயர்கள் அத்தனையும் முறுக்கி அறுத்துவிடும், பத்து ரூபாய் வாஷரில் முடிய வேண்டியது மோட்டார் வரை போகும்.

## மழையில் நனைந்த பிறகு

சாதாரண மழையில் நனைந்து விட்டு விட்டு ஓடினால் சாவி சுவிட்ச், பிரேக் சுவிட்ச், ஆக்ஸிலேட்டர் கப்ளர், இந்த வரிசையில் காண்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் மாட்டுங்கள். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன் வைத்து அடிக்க விடாதீர்கள், நம் ஊர் மழையைவிட அதுதான் அதிக வண்டிகளைக் கெடுத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்கு எங்கள் பார்க்கிங்கில் சீட் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைப் போட்டுப் பார்த்தவர்களின் கன்ட்ரோலர்தான் முதலில் போனது. சாவியைத் தொடாமல் எம்சிபியை இறக்கி, பேட்டரி கப்ளரைப் பிரித்து, மூடிகளைக் கழற்றி நாலைந்து நாள் காய விட்ட வண்டிகளில் சில, கப்ளர்களை மட்டும் மாற்றியதும் ஓடின. தண்ணீர் சக்கரத்தின் நடுவைத் தாண்டியிருந்தால் ஹப் மோட்டாருக்குள்ளும் போயிருக்கும், ஓடினாலும் ஒரு தடவை திறந்து பேரிங் பார்த்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் சில மாதங்களில் கரகரவென்று ஆரம்பிக்கும்.

மூழ்கின லித்தியம் பேட்டரியை மட்டும் வெயிலில் காய வைத்து மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெளியே ஈரம் போய்விட்டாலும் உள்ளே போன தண்ணீர் செல் முனைகளை அரித்துக்கொண்டே இருக்கும், நாட்கள் கழித்துக்கூட சூடாகலாம். வீட்டுக்குள் கொண்டுவராமல், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த இடத்தில் வைத்துவிட்டு, விற்ற கம்பெனிக்குப் போன் செய்து அவர்களையே வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.